ஓவியமும் போஸ்டரும் குடியேறியவர்களின் உரிமைப் போராட்டத்துக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஓவியமோ விஸ்காமோ படிப்பவர், "படம் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போற" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள்.

அப்பா திண்டுக்கல்லில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். கல்யாண வீட்டு மஞ்சப்பைக்குப் பெயர் அடிப்பதுதான் முக்கிய வேலை. இப்போது நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ஓக்லாந்து பக்கம். 2017இல் டிரம்ப் முதல்முறை பதவிக்கு வந்து, கைது பயம் பரவியிருந்த நேரம். போஸ்டர் அடிக்க ஆள் தேவை என்று ஒரு சமூகக்கூடத்தில் கேட்டார்கள். தெரிந்த வேலைதானே என்று போனேன்.

ஓக்லாந்தில் குவாத்தமாலாவிலிருந்து வந்த, மாம் என்ற மாயன் மொழி பேசும் மக்கள் நிறைய. பலருக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடியேற்ற அதிகாரி கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று அச்சடித்த துண்டுச் சீட்டுகள் அவர்களுக்குப் பயன்படவில்லை. எழுத்தே இல்லாமல் படத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி அழகாக வரைந்து வந்தாள்: சங்கிலி போட்ட கதவு, இடுக்கில் ஒரு பெண்ணின் முகம். வீட்டு வேலை செய்யும் ஒரு மாம் அக்கா அதைப் பார்த்ததும் தலையாட்டி மறுத்தார். "இவ்வளவு திறந்தாலே உள்ளே விட்டதாகச் சொல்லிவிடுவார்கள்." கூட இருந்த வக்கீலும் அதையே சொன்னார். கதவை முழுக்க மூடினோம். கீழ் இடுக்கு வழியாக ஒரு தாள் உள்ளே வருவதுபோல மாற்றினோம். குடியேற்றத் துறை தானே கையெழுத்துப் போடும் உத்தரவு வேறு, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேறு. நாங்கள் கேட்கச் சொன்னது இரண்டாவதை. அதைக் காட்டத் தாளின் தலையில் தூண் வைத்த நீதிமன்றக் கட்டடம் வரைந்தோம். இரண்டே நிறம். சலவைக் கடை, ரொட்டிக் கடை என்று ஒட்டினோம். சில வாரம் கழித்து ரொட்டிக் கடையில் ஒரு சிறுவன் அந்தப் படத்தைக் கைகாட்டித் தன் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"சட்டத்தை ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறீர்களா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. வாரண்ட் கேட்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் 4ஆவது திருத்தத்திலிருந்து வருவது. அதில் 'குடிமக்கள்' என்றில்லை, 'மக்கள்' என்றுதான் இருக்கிறது.

போஸ்டர் சட்டத்தை மாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் வாதத்தின் திசையை அது திருப்பும். 1978இல் யோலாண்டா லோபஸ் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு போஸ்டர் வரைந்தார். மெக்சிகோவின் பூர்வகுடியான அஸ்டெக் இனத்து வீரன் ஒருவன், அப்போதைய அதிபர் கார்ட்டர் அரசின் குடியேற்றத் திட்டத் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு, நம்மைப் பார்த்து விரல் நீட்டி, "யாரப்பா சட்டவிரோதமாக வந்தவன்?" என்று கேட்கிறான். கேட்பது கப்பலில் வந்திறங்கிய வெள்ளையரின் வாரிசுகளை. ஓக்லாந்துக்காரரான ஓவியர் ஃபாவியானா ரோட்ரிகஸ் வரைந்த மொனார்க் பட்டாம்பூச்சியையும் பாருங்கள். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்று எல்லை தாண்டிப் பறக்கும் பூச்சி அது. ஊர்வலங்களில் அதன் இறக்கையைக் குழந்தைகள் முதுகில் கட்டிக்கொண்டு நடப்பார்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பக்கத்துத் தமிழர் பொங்கல் விழாவில் இந்தப் போஸ்டரை ஓர் ஓரமாக வைக்கக் கேட்டேன். "அரசியல் வேண்டாம்மா, நாமெல்லாம் முறையா விசாவில் வந்தவங்க" என்றார்கள். வீடு விற்பவரின் பேனர் மேடை அகலத்துக்குத் தொங்கியது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டியவர்கள். அந்தப் பயமும் கதவுக்குப் பின்னால் நிற்பவரின் பயமும் வேறு வேறு என்று அவர்கள் நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரையப் போகிறீர்கள் என்றால் பென்சில் நிலையிலேயே சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டிவிடுங்கள். ஸ்கிரீன் கட்டுவது, மை கலப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன்.