சந்தை இறங்கினால் எவ்வளவு தாங்குவீர்கள்?

கேள்வி: வயது 29. முதலீட்டு ஆப்பில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னதும் ‘அக்ரஸிவ்’ (அதிக ரிஸ்க் எடுப்பவர்) என்று காட்டியது. கையிலிருக்கும் 10 லட்சத்தையும் ஈக்விட்டி ஃபண்டில் (பங்குகளில் முதலிடும் ஃபண்டு) போடலாமா?

பதில்: பொறுங்கள். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் உங்கள் துணிச்சலைத்தான் அளக்கின்றன. தாங்கும் சக்தி வேறு: வேலை போனால் எத்தனை மாதம் சமாளிப்பீர்கள், இஎம்ஐ எவ்வளவு போகிறது, இந்தப் பணம் எப்போது தேவைப்படும். இரண்டில் எது குறைவோ அதற்கேற்பப் பணத்தைப் பிரியுங்கள்.

இறக்கத்தை ரூபாயில் எழுதிப் பாருங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. அப்படி ஒரு இறக்கத்தில் உங்கள் 10 லட்சம் சுமார் 4 லட்சம் ஆகும். பழைய நிலைக்கு வர 150% ஏற வேண்டும். அந்த 4 லட்சத்தைப் பார்த்ததும் விற்றுவிடத் தோன்றுமென்றால் பாதியை மட்டும் ஈக்விட்டியில் வையுங்கள், அதே இறக்கத்திலும் 7 லட்சம் மிஞ்சும். எப்படியானாலும் 6 மாதச் செலவுக்கான பணம் முதலில் எஃப்டியில் தனியாக இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 62. ஏஜென்ட் அக்ரஸிவ் ஹைப்ரிட் ஃபண்டு (பங்கும் கடன் பத்திரமும் கலந்தது) சொல்கிறார். ‘கலவை என்பதால் பயமில்லை’ என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி அக்ரஸிவ் ஹைப்ரிடில் 65 முதல் 80% வரை பங்குகள்தான். பங்குகள் 40% சரிந்தால் ஃபண்டு 30% பக்கம் சரியும். கன்சர்வேடிவ் ஹைப்ரிடில் பங்கு 10 முதல் 25% மட்டுமே. அம்மாவுக்கு முதலில் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: 30 லட்சம் வரை போடலாம், 5 வருடம், 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி. மீதியைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: ஃபண்டின் ரிஸ்க் அளவைக் காட்டும் ரிஸ்க்கோமீட்டரைப் பார்த்து ஃபண்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: அது மட்டும் போதாது. 6 படிகளில் கடைசிப் படியான ‘மிக அதிகம்’ என்பதில்தான் 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டும் நிற்கிறது, சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டும் நிற்கிறது.

கேள்வி: ஈக்விட்டி 60, கடன் ஃபண்டு (கடன் பத்திரங்களில் முதலிடுவது) 40 என்ற விகிதத்தில் ஆரம்பித்தேன். எப்போது சரிசெய்வது?

பதில்: வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், விகிதம் 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கை வையுங்கள். 6 லட்சம் ஈக்விட்டி 7.8 லட்சமாகி, கடன் ஃபண்டு 4 லட்சத்திலேயே இருந்தால் விகிதம் 66:34. பழையபடி 60:40 ஆக, ஈக்விட்டியிலிருந்து கடன் ஃபண்டுக்கு 72,000 மாற்ற வேண்டும். விற்றால் வரி வரலாம். ஒரு வருடத்துக்குள் வாங்கியதென்றால் லாபத்துக்கு 20%. அதனால் சில மாதம் எஸ்ஐபியை (மாதாமாதம் போடும் தொகை) கடன் ஃபண்டுக்குத் திருப்பியே சரிக்கட்டப் பாருங்கள்.