காரிலேயே படுப்பதா, அறை எடுப்பதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். என் வீட்டுக்காரர் சென்னையில் சி.என்.ஜி. டாக்ஸி ஓட்டுகிறார். மாதத்தில் 24 நாள் அங்கேதான். அறை எடுத்தால் வாடகை வீணாகும் என்று மீனம்பாக்கம் பக்கம் காரிலேயே படுத்துக்கொள்கிறார். குளிக்க, கழிப்பறைக்கு தினம் 40 ரூபாய் ஆகிறதாம். துணி வெளுக்க மாதம் 400. வெயில் காலத்தில் மாதம் 12 ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்குகிறார். பம்மலில் நாலு பேரோடு பங்கு அறை 4,500 ரூபாய்க்கும், கூடுவாஞ்சேரியில் 3,000 ரூபாய்க்கும் வந்திருக்கிறது. ஊருக்கு வரும்போது இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. நான் என்ன சொல்வது? – ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: முதலில் கணக்கை முடித்துவிடுவோம் அம்மா. கார் தூக்கம் இலவசம் என்று நினைப்பதில்தான் பிசகு இருக்கிறது.

குளியல், கழிப்பறைக்கு 24 நாளைக்கு 960 ரூபாய். துணிக்கு 400. அடுத்தது ஏ.சி. வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடினால் சின்ன காருக்கு மணிக்குச் சுமார் அரைக் கிலோ கேஸ் போகும். நாலு மணி நேரத்துக்கு இரண்டு கிலோ. கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 180, 12 ராத்திரிக்கு 2,160. மொத்தம் 3,520 ரூபாய். வாடகை என்ற பெயர் இல்லாமலே இவ்வளவு போகிறது.

இனி அறை. கூடுவாஞ்சேரி வாடகை குறைவுதான். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 22 கி.மீ. போய்வர 44 கி.மீ. நகர நெரிசலில் கிலோவுக்கு 22 கி.மீ. கிடைத்தால் தினம் இரண்டு கிலோ, 180 ரூபாய். 24 நாளைக்கு 4,320. வாடகையோடு சேர்த்தால் 7,320 ஆகிவிடுகிறது. டயர் தேய்மானமும் அந்த இரண்டு மணி நேரமும் தனி. வீட்டுப் பக்கம் போகும் சவாரியை ஆப்பில் கேட்டு வாங்கலாம். தினமும் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பம்மல் பக்கத்தில் இருக்கிறது. போய்வர 10 கி.மீ. என்று வைத்தால் மாதம் 1,000 ரூபாய்க்குள் எம்ப்டி ஓட்டம் முடிந்துவிடும். வாடகையோடு 5,500. நாலு பேர் சேர்ந்து இரவுச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் சமைத்துக்கொண்டால் ஓட்டல் செலவில் தினம் 80 ரூபாயாவது மிஞ்சும், அது 1,920. ஆக அறைக்கு நிகரச் செலவு 3,580 ரூபாய். காரில் படுப்பதற்கும் இதற்கும் 60 ரூபாய்தான் வித்தியாசம்.

ஏ.சி. தேவைப்படாத மாதங்களில் கார் இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்பது உண்மை. அப்படிப்பட்ட மாதங்கள் சென்னையில் எத்தனை? மார்ச் முடிந்ததும் புழுக்கம் தொடங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கண்ணாடியை இறக்க முடியாது. மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, இன்னும் சில வாரங்கள். அதனால் பம்மல் அறையை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் முன்னாலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்: வண்டி நிறுத்த இடம் உண்டா? திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் போல ஆளுக்கு இடம் இருந்து காருக்கு இடம் இல்லாவிட்டால், மாதப் பார்க்கிங் பணம் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். சமையலுக்கு 5 கிலோ சோட்டு சிலிண்டர் போதும். அதற்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும்.

கால் வீக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. உட்கார்ந்த நிலையில், காலைத் தொங்கப்போட்டுத் தூங்கினால் இரண்டு காலும் வீங்கும். படுத்து, காலைச் சற்று உயர்த்தினால் வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் அரசு மருத்துவமனையில் பார்த்துவிடட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஓட்டுநர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: விழுப்புரத்துக்காரன் நான், சென்னையில் ஆப் டாக்ஸி ஓட்டுகிறேன். இன்னும் ஆறு மாதம் கடன் கட்டி முடிக்கிறவரை காரில்தான் படுக்க வேண்டும். கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வியர்வை. ஃபேன் போட்டுத் தூங்கி இரண்டு முறை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒழுங்காகப் படுக்க வழி சொல்லுங்கள்.

பதில்: ஆறு மாதம் என்று கெடு வைத்திருப்பது நல்லது. அதற்குள் உடம்பு கெடாமல் பார்த்துக்கொள்வோம்.

முதலில் கொசுவலை. கடையில் விற்கும் வெல்க்ரோ பட்டை வலையை வாங்காதீர்கள். பகல் வெயிலில் பசை இளகி ஒரே வாரத்தில் கழன்றுவிடும். கறுப்பு நிற வலைத் துணி வாங்கி, தலையணை உறை மாதிரி மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் திறந்து விடுங்கள். கதவைத் திறந்து, கண்ணாடிச் சட்டத்தின் மேற்பக்க அகலத்தை அளந்து, அதைவிட 10 செ.மீ. கூடுதலாகத் தைக்க வேண்டும். திறந்த வாயில் உள்பாவாடைக்குக் கோப்பது போல எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். உறையைக் கதவின் மேல் கவிழ்த்து, எலாஸ்டிக் கண்ணாடிக்குக் கீழே வரும்படி இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் வலை ரப்பரில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கண்ணாடியை இறக்கலாம். முன் இடது கதவுக்கு ஒன்று, பின் வலது கதவுக்கு ஒன்று. எதிரெதிர் மூலையாக இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். கை நுழையாதபடி இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம், நாலு கதவும் பூட்டியிருக்கட்டும். கதவுக்கு மேல் மழைத் தடுப்பு வைசர் ஒட்டியிருந்தால் தூறலிலும் ஒன்றரை அங்குலம் திறந்து வைக்கலாம்.

படுக்கைக்கு இடது முன் சீட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்டியரிங் பக்கம் வேண்டாம்; தூக்கத்தில் கால் பெடலில் படும். ஹெட்ரெஸ்டைக் கழற்றி, சீட்டை முன்னால் தள்ளி, சாய்மானத்தை முழுக்கப் படுக்க வைத்தால் பல சின்னக் கார்களில் அது பின் சீட்டைத் தொட்டு நிற்கும். தலை பின் சீட்டில், இடுப்பு முன் சீட்டில். நடுவில் விழும் பள்ளத்தில் போர்வையை நாலாக மடித்துத் திணியுங்கள், இல்லாவிட்டால் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கால் வைக்கும் பள்ளத்தில் துணிப் பையைச் சீட் மட்டத்துக்கு அடுக்கிவிட்டால் கால் தொங்காது. பின் சீட்டில் குறுக்கே படுத்தால் முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும். ஆள் உயரம் அங்கே கொள்ளாது.

பேட்டரி இறங்கியதன் காரணம் இதுதான். சாவியை ஒரு திருப்பு திருப்பி வைத்தாலே ஃபேனோடு மியூசிக் சிஸ்டம், சார்ஜர் எல்லாம் மின்சாரம் இழுக்கும். எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர் என்றால் ஆறு மணி நேரத்தில் 24 ஆம்பியர் ஹவர் போய்விடும். சின்னக் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான். ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்த பேட்டரியை இப்படி நாலைந்து முறை வடியவிட்டால் பிறகு சார்ஜே நிற்காது. காரைத் தொடாமல் பவர் பேங்கில் ஃபேனை ஓட்டுங்கள். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்கில் 74 வாட் ஹவர் இருக்கும். சேதாரம் போக 60. ஐந்து வாட் யு.எஸ்.பி. ஃபேன் அதில் 12 மணி நேரம் ஓடும். பகலில் ஓட்டத்திலேயே சார்ஜ் ஏறிவிடும். வெயிலில் டேஷ்போர்டு மேல் மட்டும் அதை வைக்காதீர்கள்; லித்தியம் சூட்டில் உப்பிவிடும். லைட்டர் துளையில் செருகும் வோல்ட் மீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். இன்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி.

ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போடுவதுதான் வண்டி நாற்றத்துக்கு மூலம். காலையில் பத்து நிமிடம் நாலு கதவையும் திறந்து வைத்து, துண்டை வெளியே உதறிக் காயவிட்ட பிறகு டியூட்டியை ஆன் செய்யுங்கள். நாற்றத்துக்காக ஒரு ஸ்டார் குறைந்தாலும் அது உங்கள் சவாரியைப் பாதிக்கும். காருக்குள் அடுப்பு கூடவே கூடாது, அதுவும் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கும் வண்டியில். காலை 7 மணிக்கெல்லாம் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது; மதியம் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். அண்ணா நகர், தி.நகரில் மாநகராட்சி 2025இல் திறந்த ஏ.சி. ஓய்வறைகள் ஆப் வழி வேலை செய்பவர்களுக்கானவை. பகல் இரண்டு மணித் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைவிட அங்கே போய் அரை மணி உட்காருங்கள்.

கேள்வி: ஏ.சி. போட்டுக் காரில் தூங்கியவர் இறந்ததாகச் செய்தி வருகிறதே, ஏ.சி. வாயு விஷமா? – வாசகர், ஆவடி

பதில்: கொல்வது இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்து கிடந்ததற்கும் ஜெனரேட்டரிலிருந்து வந்த இந்த வாயுதான் காரணம்.

ஓடும் காரில் புகை பின்னால் போய்விடுகிறது. நிற்கும் காரில் அப்படிப் போகாது. பின்புறம் சுவரை ஒட்டி நிறுத்தினாலும், மூடிய பார்க்கிங்கில் நிறுத்தினாலும், மழைத் தண்ணீர் சைலன்சர் வாயை மூடினாலும் புகை திரும்பி வண்டிக்கு அடியில் சேரும். சைலன்சர் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால் திறந்த வெளியிலும் ஆபத்துதான். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும், ஸ்டார்ட் செய்ததும் டக்டக்கென்று சத்தம் வருவதும் கசிவுக்கு அடையாளம். சி.என்.ஜி. வண்டிக்கும் இது பொருந்தும். கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். அந்த இடுக்கு வழியாகப் புகை உள்ளேயும் வரும். படுக்கும் முன் கால் மணி நேரம் ஏ.சி. ஓட்டிக் காரைக் குளிர வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, வலை போட்டுக் கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள். எப்போதாவது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்போடு விழித்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இன்ஜினை அணைப்பது அதற்குப் பிறகு.

கேள்வி: வீடு வேலூர், வேலை சிறுசேரியில். செவ்வாய், புதன், வியாழன் மட்டும் அலுவலகம். மாதம் 9,000 கொடுத்து பி.ஜி. எடுக்காமல் வாரம் இரண்டு ராத்திரி சொந்தக் காரில் படுக்கலாமா? போலீஸ் பிடிக்குமா?

பதில்: நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் காரை நிறுத்தி அதில் தூங்குகிறவருக்குத் தூங்கியதற்காக அபராதம் போட மாட்டார்கள், நோ பார்க்கிங்கில் நின்றால் அதற்குப் போடுவார்கள். ரோந்துக் காவலர் தட்டினால் விளக்கைப் போட்டு, ஆர்.சி., லைசென்ஸ், அலுவலக அட்டையைக் காட்டுங்கள். அலுவலக வளாகம் தனியார் இடம், காவலாளி எழுப்பி அனுப்பினால் வாதாட முடியாது. மது குடித்துவிட்டுப் படுத்தவர் அதிகாலையில் வண்டியை நகர்த்தினாலும் வழக்குதான், 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. தாண்டக் கூடாது.

உங்கள் கணக்கில் படுக்கைச் செலவு மட்டும்தான் இருக்கிறது, காரைக் கொண்டுவரும் செலவு இல்லை. போக வர 280 கி.மீ., மாதம் நாலு முறை என்றால் 1,120 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 75 லிட்டர், ஏறத்தாழ 7,500 ரூபாய், டோல் தனி. காட்பாடியில் ரயில் ஏறி வந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். நாள் வாடகைக்குப் படுக்கை தரும் விடுதி 500 ரூபாய் என்றாலும் எட்டு ராத்திரிக்கு 4,000தான் ஆகும். காரை வேலூரிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பங்கு அறைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் மூன்று மாதம் என்கிறதே?

பதில்: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது. எனவே கையெழுத்துக்கு முன்னால் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பங்குத் தொகை உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். அறைத் தோழர் ஒருவர் பெயரில் மொத்தத்தையும் கட்டினால், அவர் காலி செய்யும்போது உங்கள் பணமும் போய்விடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள், பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.