மாஸ்டர் பதில்கள்: ஓடினது போதும் தம்பி, போய்ப் படுங்கள்

(சேலத்தில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் உடற்பயிற்சிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மாஸ்டர், எனக்கு வயது 22. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். இரவு ஷிஃப்டில் விசைத்தறி வேலை. காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக காந்தி ஸ்டேடியம் போய், தினமும் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடுகிறேன். மாலையில் கயிறு ஏறுதல். ஞாயிறு என்றால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஏறி ஓட்டம். 6 நிமிடம் 20 விநாடியில் ஓடியவன் இப்போது 6.50-க்கு வந்துவிட்டேன். படுத்தால் தூக்கமும் வருவதில்லை. பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டுமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

கூட்டாதீர்கள். நேரம் ஏற ஏற பயந்துபோய் மேலும் ஓடுகிறீர்கள், மேலும் ஓடுவதால் நேரம் இன்னும் ஏறுகிறது.

ஓடும்போது யாருக்கும் கால் பலப்படுவதில்லை தம்பி. ஓடும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம்தான் ஏற்படுகிறது, தசையில் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்கிற எரிபொருள் தீர்கிறது. சேதத்தைச் சரிசெய்து, முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாக உடம்பு கட்டிக்கொள்வதெல்லாம் அப்புறம் நடக்கிற வேலை. கிளைகோஜன் திரும்ப நிரம்பவே, நன்றாகச் சாப்பிட்டாலும், ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தசை தேற ஒன்றிரண்டு நாள். அந்த வேலைக்கு நீங்கள் நேரமே கொடுக்கவில்லை.

அதோடு, தறி வேலையை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ராத்திரி முழுக்கத் தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்து, நாடாவில் நூல் சுற்றிய தாரை மாற்றி, அறுந்த பாவு இழையைக் குனிந்து முடிந்துவிட்டு வருகிற கால் அது. உங்களுக்கு அது சம்பளம், காலுக்கு அதுவும் பயிற்சிதான். பகலில், தெருச் சத்தத்தில், வெயிலில் தூங்குகிற தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. கல்லூரிக்குப் போய்வந்து ஓடுகிற பையனின் அட்டவணையைப் பார்த்து நீங்கள் ஓடினால் கட்டுப்படியாகாது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு ரோட்டில் ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சுக்கு அது கஷ்டம். தொடைக்குக் கஷ்டம் இறங்குவது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. சேதம் அதிகமாவது அப்போதுதான். அந்த வலி அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆக, திங்களும் செவ்வாயும் நீங்கள் முழு வேகத்தில் ஓடுவது புண்பட்ட காலில். மலை ஓட்டம் ஆசையாக இருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று நான்கு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஏறுங்கள், இறங்குவதற்கு பஸ் பிடியுங்கள். (இருபது வளைவையும் முடித்தேன் என்று செல்ஃபி போடுகிறவர்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அந்த ரோட்டில் வண்டிக்காரனுக்குத் திருப்பத்தில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.)

இன்னொன்றையும் யோசித்தீர்களா? 1500 மீட்டருக்கு ஆண்களுக்கு 7 நிமிடம். அதற்குள் வந்தால் தேறினீர்கள், அவ்வளவுதான். அதில் ஸ்டார், அதாவது மதிப்பெண், கிடையாது. ஸ்டார் கிடைப்பது கயிறு, தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் இந்த மூன்றில். உங்களால் 6.20-ல் ஓட முடியும் என்றால் 1500 ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தினமும் பரீட்சை மாதிரி ஓடிப் பார்ப்பானேன்? இந்த வருஷ அறிவிப்பையும் ஒரு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் ஐந்து நாள் ஷூவைத் தொடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஜன்னலுக்கு ஒரு கனத்த போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டுப் படுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் மட்டும். இரண்டு வாரம் ஆனதும், வாரத்துக்கு இரண்டே நாள் வேக ஓட்டம். கயிறு வேறு நாளில். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். பெரிய ஓட்டக்காரர்களும் போட்டிக்கு முன்னால் அப்படித்தான் குறைக்கிறார்கள். ஐந்து நாளில் தம் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். ஓட்டம் அடியோடு நின்று இரண்டு வாரம் போல ஆனால்தான் தம் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

தூங்கி எழுந்ததும், எழுந்து நடமாடுவதற்கு முன்பே, மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால், ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அதை மட்டும் நம்பவும் வேண்டாம். வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுகிறீர்களா, அடிக்கடி சளி பிடிக்கிறதா, சோறு பிடிக்கவில்லையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வாரம் ஓய்வெடுத்தும் அசதி போகவில்லை என்றால் டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். முற்றிப்போன மிகைப்பயிற்சி தேற மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை என்றுதான் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

என் மகளுக்கு 16 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று கோச் சொன்னதால் ராத்திரி ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறாள். நான்கு மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்கிறாள். நாங்கள் எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். போட்டி முடியும் வரை பொறுக்கலாமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பொறுக்கக் கூடாது அம்மா. வண்டி பிடித்துச் சேலத்துக்குக் கூட்டிவந்து எலும்பு டாக்டரையும் மகளிர் டாக்டரையும் பாருங்கள். மாதவிலக்கு நின்றதை ஓடுகிற பிள்ளைகளுக்குச் சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு போதாதபோது உடம்பு முதலில் நிறுத்துகிற கணக்கு அது. அடுத்து அடி வாங்குவது எலும்பு. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்திருக்கிறது.

வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கால் நெடுக வலித்தால் அது வேறு. 'இங்கேதான்' என்று ஒரே புள்ளியைக் காட்டினால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று மறுபடி ஓட விடாதீர்கள். விரிசல் என்றால் ஆறு முதல் எட்டு வாரமாவது ஓட்டம் கிடையாது. ராத்திரிக்கு ராகிக் களி, கீரைக் கடைசல், முட்டை, ஒரு கை வேர்க்கடலை என்று வயிறாரப் போடுங்கள். அந்த கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், பிள்ளையைப் பேச விடாதீர்கள்.

பத்து வருஷம் கழித்து ஜிம்முக்குப் போனேன். முதல் நாளே 200 சிட்அப், 100 பஸ்கி எடுக்க வைத்தார்கள். இரண்டு நாளாகத் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. மோர் குடித்தால் சரியாகுமா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

இதற்கு அச்சில் பதில் வரும் வரை காத்திருக்க முடியாது என்பதால், கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழு போன் போட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உடைந்த தசையிலிருந்து மையோகுளோபின் என்கிற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும்போது அந்த நிறம் வரும், அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். மோர் வேலைக்கு ஆகாது. அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டிய விஷயம்.

நான் தினமும் காலையில் மூக்கனேரிக் கரையில் நண்பர்களோடு அரை மணி நேரம் நடக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு தேவை என்கிறார்களே, எந்தெந்த நாள் எடுக்கலாம்?
– வாசகர், கன்னங்குறிச்சி

எந்த நாளும் வேண்டாம் சார். பேசிக்கொண்டே நடக்கிற நடைக்கு ஓய்வு நாள் தேவைப்படாது. நடை முடிந்ததும் சாப்பிடுகிற தட்டுவடை செட்டுக்கு வேண்டுமானால் வாரத்தில் ஐந்து நாள் ஓய்வு கொடுங்கள்.