பரங்கிப்பேட்டைக் காற்றும் நெய்வேலிக் கம்பியும்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்புடன் சிறிய ஆலை நடத்துகிறேன். பரங்கிப்பேட்டை அருகே 4 ஏக்கர் சும்மா கிடக்கிறது. கடற்காற்று நன்றாக வீசும். நெய்வேலி மின்பாதையும் பக்கம். அங்கே ஒரு காற்றாலை நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். கம்பி இருக்கிறது, காற்று போதாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். நொடிக்கு 5 மீட்டரில் கிடைப்பதைப்போல் 2.7 மடங்கு 7 மீட்டரில் இருக்கும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு மே முதல் செப்டம்பர் வரை வேகமாக அடிக்கிறது. உங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிடும். புயலாலும் பயனில்லை: நொடிக்கு 25 மீட்டர் வாக்கில் இயந்திரம் தானே நின்றுவிடும். தரகர் யாராவது ஆசை காட்டினால், 100 மீட்டர் உயரத்தில் ஓராண்டு முழுக்க, 10 நிமிட இடைவெளியில் பதிவான அளவீட்டைக் கேளுங்கள்.

வயல்மேல் போகும் 230 கிலோவோல்ட் பாதையில் நடுவே கொக்கி போடவும் முடியாது. 690 வோல்ட்டில் பிறக்கும் மின்சாரத்தை 33 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி, துணைமின் நிலையம்வரை தனி மின்பாதை (ஃபீடர்) இழுத்து, அங்கே தனி பிரேக்கரும் மீட்டரும் வைக்கவேண்டும். ஒற்றைக் காற்றாலைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

தென்காசிப் பக்கம் அமையும் காற்றாலையில் குழு கேப்டிவ் பங்கு, அதாவது பல ஆலைகள் சேர்ந்து சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் மின்நிலையத்தில் பங்கு, வாங்குவதே உங்களுக்குப் பொருத்தம். பங்குதாரர்கள் சேர்ந்து குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்கவேண்டும். உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்தவேண்டும். நிதியாண்டு முடிவில் இது தவறினால் அந்த ஆண்டின் மொத்த யூனிட்டுக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மின்வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குவோர் கட்டும் கூடுதல் தொகை) விழும். சக பங்குதாரர்களின் மின்தேவையையும் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது பேக் டவுன், அதாவது உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ வரும் உத்தரவு. மழை பெய்து தேவை இறங்கிய ஞாயிற்றுக்கிழமையிலும் நெய்வேலி அனல் அலகுகளை ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியாது. தெற்கிலிருந்து வரும் பாதைகளும் நிரம்பியிருந்தால், நல்ல காற்றிலேயே காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். விற்பவர் நீட்டும் யூனிட் கணக்கில் இது பெரும்பாலும் இருக்காது. அதே துணைமின் நிலையத்தில் உள்ள மற்ற காற்றாலைகள் சென்ற சீசனில் எத்தனை மணி நேரம் நிறுத்தப்பட்டன என்று எழுத்தில் வாங்குங்கள். பேங்கிங் (மிஞ்சிய யூனிட்டை வாரியத்தில் வரவு வைத்துப் பின்னர் எடுப்பது) மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா, 15 நிமிடத்துக்கு இவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்பு பிசகினால் அபராதம் யார் தலையில், பாதை இழப்புக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஆலையைப் புதுச்சேரிக்கு மாற்றும் எண்ணமிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எல்லை தாண்டினால் அது மாநிலங்களுக்கிடையிலான மின்பரிமாற்றம். ஒழுங்குமுறை ஆணையமும் வேறு.