கருவில் வளரும் மூளைக்குத் தாயின் தைராய்டு எதற்கு?

காரைக்குடித் தங்கை ஒருவரின் கேள்வி: "மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறேன். தைராய்டு மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா?"

தைராய்டு சுரப்பு குறைவுக்குப் போடும் தைராக்சின் ஹார்மோன் மாத்திரை என்றால் பாதிக்காது, தங்கச்சி. நீங்களாக நிறுத்தினால்தான் ஆபத்து. கருவின் தைராய்டு போதிய அளவு சுரக்க ஏறக்குறைய 16 முதல் 20 வாரங்கள் ஆகும். அதுவரை தாயின் தைராக்சின்தான் நஞ்சுக்கொடி வழியே போகிறது. மூளையில் பிறக்கும் நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து, அடுக்கடுக்காக அமைய அந்த ஹார்மோன் வேண்டும்.

மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

தைராக்சின் உருவாக அயோடின் தேவை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம். நம் செட்டிநாட்டு அடுப்படிகளில் பீங்கான் ஜாடி நிறையக் கல்லுப்பு இருக்கும். அது அயோடின் கலந்ததுதானா என்று ஆச்சியிடம் இன்றே கேளுங்கள்.