சங்க காலத்து மாதுளங்காயும் எங்கள் வீட்டு அடுப்பும்

பழைய நூல்களில் வரும் உணவை வீட்டில் சமைத்துப் பார்த்தவர்கள் உண்டா, சரியாக வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பதார்த்தத்தை மூன்று முறை சமைத்திருக்கிறேன்.

பெரும்பாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் அந்தணர் வீட்டு விருந்து ஒன்று வருகிறது. செம்பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் மாதுளங்காய்த் துண்டுகள் வேகும்; மிளகும் கறிவேப்பிலையும் கலந்திருக்கும்; கூடவே மாவடு ஊறுகாய். (பாட்டில் ‘கறி’ என்றால் மிளகு, கறிவேப்பிலைக்குப் பெயர் ‘கஞ்சகம்’.) உப்பு எவ்வளவு, தோலைச் சீவினார்களா, ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று பசித்த பாணனுக்குச் சொல்வதோடு, பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் நிறுத்திக்கொண்டார்.

முதல் முறை கடையில் வாங்கிய மாதுளம்பழத்தை உதிர்த்துப் போட்டேன். முத்துகள் வெடித்து, பாயசத்தில் மிளகு தூவியது போல ஆயிற்று. பாட்டு ‘பசுங்காய்’ என்றுதான் சொல்கிறது; அவசரத்தில் நான்தான் கவனிக்கவில்லை.

காய் கடையில் கிடைக்கவில்லை. தெருக்கோடி வீட்டு மரத்திலிருந்து கேட்டு வாங்கினேன். இரும்பு அரிவாள்மணையில் நறுக்கியதும் துண்டுகளும் விரல்களும் கறுத்துப்போயின. மாதுளங்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மையேதான். தோலையும் வெள்ளைச் சவ்வையும் நீக்காததால் அன்று சமைத்தது வாயில் வைக்க முடியாத துவர்ப்பு.

மூன்றாம் முறை எவர்சில்வர் கத்தி. பாக்கெட் வெண்ணெயையும் விட்டுவிட்டேன். அதில் உப்பு இருந்தது, தயிர் வெண்ணெயின் மெல்லிய புளிப்பு இல்லை. ஆடைத் தயிரைக் குளிர்ந்த நீர் விட்டு மிக்ஸியில் ஓட்டினால் சில நிமிடங்களில் வெண்ணெய் திரண்டுவிடும். பசு என்ன நிறம் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. தீயைக் குறைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெய் கருகிவிடும்.

இதையெல்லாம்விடக் கடினமானது கையைக் கட்டுவது. கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போகிறது. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு நம்மிடம் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடுகு தாளிக்காமல் இறக்க எனக்கு மனம் வரவே இல்லை. இறக்கினேன்.

முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, விழுங்கியபின் தொண்டையில் மிளகு. அம்மா இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, “பிசைந்து சாப்பிட ஆகாது. மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

செய்து பார்ப்பதானால், பங்குனியில் மாவடு வரும்போதே கொஞ்சத்தை வெறும் உப்பில் ஊறப்போட்டுவிடுங்கள். கடை மாவடுவின் மிளகாய்க் காரம் இந்த மிளகை அமுக்கிவிடும்.