பைபர் வள்ளத்தின் பள்ளத்தை நிரப்ப நுண்கண்ணாடி உருண்டைப் பொடி போதுமா?

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் கிடக்கும் வள்ளத்துக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமான பள்ளம் என்றால் போதும். வெடிப்பு என்றால் கூடாது. இந்தப் பொடி என்பது உள்ளே வெறுமையான கண்ணாடி உருண்டைகள், பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டம். அதனால்தான் பாரம் ஏறாது, காய்ந்தபின் இலகுவாகத் தேய்க்க வரும். ஆனால் இழுவிசையைத் தாங்காது. வெடிப்பை முதலில் கண்ணாடி நார்த் துணி வைத்து ஒட்டுங்கள்.

எப்பொக்சிப் பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் நன்றாகக் கலந்த பிறகே பொடியைக் கையால் மெதுவாகச் சேர்க்க வேண்டும். ட்ரில்லில் பூட்டிய கலக்கி உருண்டைகளை நொறுக்கிவிடலாம். தடிப்பாக ஒரேயடியாகப் பூசாதீர்கள்: திருகோணமலை வெயிலில் கலவை தானே அளவுக்கு மீறிச் சூடேறி வெடிப்பு விழலாம். தேய்த்ததும் உடைந்த உருண்டைகள் ஊசித்துளைகளாகத் தெரியும். பெயிண்டுக்கு முன், ஹார்ட்னர் கலந்த, பொடி சேர்க்காத எப்பொக்சி ஒரு பூச்சு கட்டாயம். முகக்கவசம் இல்லாமல் பொடியைத் திறக்கவே வேண்டாம்.